படகுக்கு வைத்த பொட்டு

சிதம்பரத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிற கலியமூர்த்திக்குப் படகு எதற்கு என்று தெருவே கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யூடியூப் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் பிளைவுட்டில் ஒன்றைக் கட்டியே விட்டார். ஒன்றும் கேட்காதவள் மனைவி இளவரசி ஒருத்திதான். சுனாமியன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிரிக்கெட் ஆடப் போன அவள் தம்பி திரும்பவே இல்லை. கடலில் இல்லை, கிள்ளை உப்பங்கழியில்தான் ஓட்டப்போகிறேன், இடுப்பளவு தண்ணீர்தான் என்று இவர் எத்தனை சொல்லியும் அவள் வாய் திறக்கவில்லை. அவளை உட்காரவைத்து ஒரே ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும், அதுதான் இவருடைய ஆசை.

அன்று ஃபைபர் துணி ஒட்டுகிற நாள். கவிழ்த்துப் போட்ட படகின்மேல் வெள்ளைத் துணியை விரித்து, எபாக்சி பிசினையும் ஹார்டனரையும் கப்பில் கலந்தாயிற்று. கலந்த பிறகு அரை மணி தாங்காது, இறுகிவிடும். கடைசியாக ஒருமுறை துணியைத் தூக்கி மரத்தைத் தடவினார். படகின் முனையில் விரல் வழுக்கியது. குங்குமப் பொட்டு! இளவரசிதான் உதிரக் கூடாதென்று எண்ணெய் தொட்டு வைத்திருந்தாள்.

“எண்ணெ பட்ட எடத்துல துணி புடிக்காதுடி! தண்ணி உள்ள பூந்துடும்” என்று கத்திக்கொண்டே துடைத்தெடுக்கத் தின்னரில் நனைத்த கந்தலை எடுத்தார்.

இளவரசி ஓடிவந்து கையைப் பிடித்தாள். “அழிக்காதீங்க. ஒங்க உசுருக்காக வச்சது. குங்குமத்தப் போயி அழிப்பாங்களா?”

கலியமூர்த்திக்கு வந்த கோபம் பொசுக்கென்று அடங்கிவிட்டது. இத்தனை மாதம் பேசாதவள் இதற்காகப் பேசுகிறாள். விட்டால் படகு போச்சு, அழித்தால் இவள் மனசு போச்சு. அவர் நின்ற நிலையில் கப்பு சூடேறிப் புகைந்தது, பிசின் கல்லாகிவிட்டது. பாழாய்ப் போகட்டும் என்று வெளியே வைத்தார்.

பிறகு புதிதாகக் கொஞ்சம் கலந்து, குங்குமம் கொண்டுவரச் சொல்லி ஒரு சிட்டிகையை அதில் குழைத்தார்.

“இத நீயே வையி. காஞ்சிடுச்சின்னா நானே நெனச்சாலும் அழிக்க முடியாது. ஆனா மொதல்ல பழசத் தொடைக்கணும்.”

அவள் பொட்டைப் பார்த்தாள். “சரி. நான் பாக்க மாட்டேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடிக்கும்வரை திரும்பவில்லை. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் புதுப் பொட்டு வைத்தாள்.

சாப்பிட்டு வந்தபோது பொட்டு இறுகியிருந்தது. இருவருமாகத் துணியை இறக்கி, மறுபடி பிசின் கலந்து தேய்த்தார்கள். வெள்ளைத் துணி கண்ணாடியாகத் தெளிந்தது. மரத்தின் ரேகையெல்லாம் தெரிந்தது, முனையில் பொட்டும் தெரிந்தது. இளவரசி விரலால் அதை அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

“எனக்கு இன்னும் பயமாத்தாங்க இருக்கு” என்றாள். “நான் எங்க ஒக்காரணும்?”

கலியமூர்த்தி, கவிழ்ந்து கிடக்கிற படகில் இடம் காட்டத் தெரியாமல், பொட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.