எழுந்து நின்ற ஆளுநர்

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. குரங்கு நடித்தது உட்பட.

கல்வராயன் மலையை வேற்றுக் கிரகமாகக் காட்டுவதற்கு சென்னையிலிருந்து டிவி தொடர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். கதை சுலபம். பூமிக்காரர்கள் தூரத்துக் கிரகம் ஒன்றைப் பிடித்து, அங்கே இருந்த நீல மனிதர்களைச் சுரங்கத்தில் இறக்கி வேலை வாங்குகிறார்கள். ஒருநாள் நீலத் தலைவன் ஆளுநர் முன்னால் போய் நின்று, "இது எங்க மண்ணு, எழுந்து போ" என்கிறான். முதலில் மலை ஜனங்களைத்தான் கூப்பிட்டார்கள். "ஜாகிர்தார் காலத்துல அடிமையா பட்டதே போதும், நடிப்புக்குக்கூட வேணாம்" என்று அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதனால் தியாகதுருகம் ஏஜெண்ட் செல்லமுத்து மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் ஆள் பிடித்து வேனில் ஏற்றினார்.

களமருதூர் தங்கதுரைக்கு நீலத் தலைவன் வேஷம். நெல் வயலும் டிராக்டரும் உள்ள மனிதர், காசுக்காக வரவில்லை. தமிழில் பேசவைத்து ஓட்டும் விண்வெளித் தொடர் ஒன்றைக்கூட விடமாட்டார். எந்தக் கிரகத்தில் கலகம் வந்தாலும் அவர் கலகக்காரன் கட்சி. "அவன் கெரகம், அவன் கையில குடுத்துட்டுப் போவ வேண்டியதுதானே? இன்னா நியாயம் இது?" என்று டீக்கடை பெஞ்சைத் தட்டுவார். வேஷம் கிடைத்ததும், கல்யாணத்துக்குக்கூடக் கத்தி படாத மீசையை எடுத்துவிட்டார். மகள் சுபஸ்ரீ கல்லூரி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

ஆளுநராக நடிக்க வேண்டிய சென்னை நடிகர் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து, பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். டைரக்டர் ஷாலினி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். நெடிய உடம்பு, நரைத்த கிருதா, செதுக்கி வைத்த மூக்கு. "இவர்தான் ஆளுநர்" என்று கை காட்டினாள். அவள் காட்டியது கொளஞ்சியப்பனை. தங்கதுரையின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்கிறவன்.

மற்றவர்களுக்கெல்லாம் நீலம் பூசினார்கள். அதில் ஒரு சங்கடம், யார் ஊர்த்தெரு, யார் காலனி என்று தெரியவில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது நிச்சயமாகாததால், ஊர்த்தெருக்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே பட்டினி கிடந்தார்கள்.

"ஆக்‌ஷன்!"

தங்கதுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கால்மேல் கால் போட்டிருந்த ஆளுநர் சடாரென்று எழுந்தான். தோளில் கிடந்த வெள்ளிச் சால்வையை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"வாங்க ஆண்டே."

"கட்!" ஷாலினி ஓடிவந்தாள். "அண்ணா, நீங்க எழுந்திருக்கக் கூடாது. இவர் உங்க அடிமை."

"தெரியுதும்மா. கால்தான் கேக்க மாட்டேங்குது."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி எழுந்தான். இடுப்பில் கயிறு போட்டு நாற்காலியோடு கட்டினார்கள். நாற்காலியோடு எழுந்தான்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. தங்கதுரை எதிரே போய் நின்றார். அது எழுந்திருக்கவில்லை, பல்லைக் காட்டியது. "இதுக்கு நடிப்பு வருது பாருங்க" என்று கேமராக்காரர் அதையும் படம் பிடித்தார். மலையே சிரித்தது. தங்கதுரையும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், பாதியில் நின்றுவிட்டது.

போன ஆடியில் கொளஞ்சியப்பன் காலில் கடப்பாரை விழுந்தது. கழி ஊன்றி வந்து, வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டு, நின்றபடியே திரும்பிப் போனான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் வீட்டு நாய் படுத்திருந்தது. தங்கதுரை நாயை எழுப்பவில்லை. எழுப்ப வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

"வெளிச்சம் போகுது ஐயா," என்றாள் ஷாலினி. "நீங்களே ஒரு தரம் அவரை உக்காரச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பார். இல்லன்னா வேஷத்தை மாத்திடறேன். நீங்க நாற்காலியில உக்காருங்க, அவர் கலகம் பண்ணட்டும்."

"அதெல்லாம் வேணாம்மா. சொல்றேன்."

தங்கதுரை தொண்டையைச் செருமினார். வா, போ, தூக்கு, வெட்டு, இறக்கு, எல்லாம் அவனிடம் தினம் சொல்கிற சொற்கள்தான். இந்த ஒரு சொல்லை மட்டும் வாய் பழகியிருக்கவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

நீலக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. கொளஞ்சியப்பன் பெண்சாதி ஜெயம்மாள்தான். ஊரில் அவள் குரலை யாரும் இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

"பூமியையே தட்டிக் கேக்க வந்துக்கினு ஒரு வார்த்தை வரலியா? இன்னா ஆண்டே, நீலம் தொண்டையில அடச்சிக்கிச்சா?"

"சும்மா இரு புள்ள," என்றான் ஆளுநர், சால்வையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே.

யார் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, எல்லாம் நீல முகம். சாயத்துக்கு அடியில் தங்கதுரையின் காது கொதித்தது. அது வெளியே தெரியாததற்காகச் சாயத்துக்கு நன்றி சொன்னார். எத்தனையோ கிரகங்களுக்காகத் தட்டிய அந்த டீக்கடை பெஞ்சு கண்முன் வந்தது. கொளஞ்சியப்பன் அங்கேயும் நின்றுதான் குடிப்பான். எங்க மண்ணு, எழுந்து போ என்று யார் யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்? அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் வரவில்லை. மீசை இல்லாத உதடு வேர்த்தது.

கிட்டப் போனார். எதிரே நிற்பவர் தன்னைவிட மூத்தவர் என்பதே அப்போதுதான் கண்ணில் பட்டது.

"அண்ணே," என்றார். "உக்காருங்கண்ணே."

பக்கத்தில் இருந்த மேகம் அருவி விழுகிற சத்தம் அந்த நிமிஷம் நின்றுபோனது. கொளஞ்சியப்பன் உட்கார்ந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டார், கால்மேல் கால் போட்டார். குரங்குகள் வரிசையாகக் கிளைக்கு வந்தன. தங்கதுரை வசனத்தைச் சொன்னபோது குரல் உடைந்தது. அது நடிப்பு என்று நினைத்து ஷாலினி கை தட்டினாள். திரும்பும்போது இரண்டு பேரும் வேனில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

தொடர் டிவியில் வந்துவிட்டது. அதில் ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தங்கதுரை, நீலம் பூசிக்கொண்டு எதிரே நிற்பது கொளஞ்சியப்பன். அணைத்த கற்பூரத்தை நான் திரும்ப ஏற்றிவிடுகிறேன்: அந்தச் சொல் தங்கதுரை வாயில் கடைசிவரை வரவில்லை, ஷாலினி வேஷத்தைத்தான் மாற்றினாள்.