முள்வேலியின் இந்தப் பக்கம்

"சத்தம் போடாதண்ணே."

"நானாடா போடுறேன்? அது தானா வருது."

"வாயைப் பொத்திக்க. அவங்க வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்காங்க."

ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்மண்டியில் பாராசூட்டில் குதித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. விமானங்கள் ஆட்களைக் கண்ட இடத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டன. இருட்டில் தவழ்ந்து தன் படையினரைத் தேடிய வெண்டெலுக்கு முதலில் கிடைத்தது, கூடவே குதித்த அண்ணன் ஆர்வில்தான். அடர்ந்த முட்புதர் வேலியில் சாய்ந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே எல்லாம் ரத்த ஈரம்.

"கோழி மாதிரி என்னை அடைகாக்காதடா." சிரிக்கப் பார்த்தான். அது முனகலாக உயர்ந்தது.

வேலிக்கப்பால் ஜெர்மன் பேச்சு சட்டென்று நின்றது. ஒரு காலடி திரும்பி வந்தது.

வெண்டெல் தன் பையிலிருந்து மார்ஃபின் என்ற வலிமருந்து ஊசிக்குழாயை எடுத்தான். மூடியைப் பல்லால் கடித்துத் துப்பினான். அண்ணனின் தொடையில் ஊசியை இறக்கிக் கடைசிவரை பிதுக்கினான்.

முனகல் அடங்கியது. வேலிக்கப்பால் யாரோ சிறுநீர் கழிக்கும் சத்தம். பிறகு காலடி விலகிப் போனது.

"இப்ப எப்படியிருக்கு?"

"நல்லாருக்குடா. பூட்ஸைக் கழட்டி விடேன்."

போட்ட ஊசியின் காலிக் குழாயைக் காயம்பட்டவனின் காலரில் குத்திவைக்க வேண்டும். அடுத்து வருபவன் தெரியாமல் இன்னொன்று போட்டுவிடக்கூடாது. இரண்டு சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும் என்று முகாமில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வெண்டெல் காலரைத் தடவினான்.

அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"அண்ணே, தூங்காத. அண்ணே!"

கன்னத்தில் தட்டினான். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போனது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்ததற்காகக் காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான்.

வேலியோரம் சரசரத்தது. "மின்னல்" என்றது ஒரு குரல்.

அடையாளச் சொல்லுக்குப் பதில் சொல்லாவிட்டால் சுடுவார்கள். இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் "இடி" என்றான்.

கார்ப்பரல் டால்பர்ட் நான்கு பேருடன் குனிந்து வந்தார்.

"நீயா வெண்டெல்! அப்பாடா. நான்தான் உங்கண்ணனை இங்க உட்கார வச்சு, ஊசி போட்டுட்டு ஆள் தேடப் போனேன். என்னா கத்து கத்தினான் பய!"

வெண்டெல் காலிக் குழாயை உள்ளங்கைக்குள் இறுக்கினான். ஊசிமுனை தோலில் இறங்கியது.

"நல்லாத் தூங்குறான் பாரு." டால்பர்ட்டின் குரல் தணிந்தது. "எழுப்புடா அவனை. விடியறதுக்குள்ள வயலைத் தாண்டணும்."