சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை

எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்பதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரே ஆள் நான். என் அறையில் மெத்தை வைத்த நாற்காலி, மேசையில் டிஷ்யூ பெட்டி, சுவரில் சூரிய உதயப் படம், எல்லாம் இருந்தன. வருவதற்குத்தான் ஆள் இல்லை. வருஷம் முழுக்க உட்கார்ந்து ஈ ஓட்டினேன்.

வீட்டிலும் அதே கதைதான். இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது. என்ன கேட்டாலும் "ம்". சாப்பிட்டியா, ம். ஏதாவது பிரச்சினையா, ம். ஊர்ப் பிள்ளைகளின் மனசைத் திறக்க வந்தவளுக்குச் சொந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளுக்குள் நொந்து போயிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் தலைமை ஆசிரியர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டுமாம். அவரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அவரை மாற்றச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாதாம். வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டோம். முக்கால்வாசிப் பிள்ளைகள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்ன பெயர், சித்தப்பா.

சித்தப்பா என்பது உயிரியல் ஆய்வகத்தில் கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு. வீட்டு விசேஷங்களில் ஒரு மூலையில் உட்கார்ந்து, யாரையும் எதுவும் கேட்காமல் சிரித்துக்கொண்டே இருக்கும் சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டல்லவா, அவர் ஞாபகத்தில் யாரோ வைத்த பெயர்.

"சார், அது எலும்புக்கூடு சார்" என்றேன்.

"தெரியும்மா. ஆனா வற்புறுத்தக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்? இப்ப பேச்சு மாறினா பசங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை போயிடும்."

மறுவாரமே சித்தப்பாவுக்கு அடையாள அட்டை வந்தது. படம் எடுத்தவர் சிரிக்கச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் எந்தத் தீர்மானத்தையும் எதிர்க்காததால் கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. பிறகு, ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குத் தனிமை இல்லை என்று சொல்லி என் அறையை அவருக்குக் கொடுத்தார்கள். நான் ஆய்வகத்துக்குப் போய், புட்டியில் ஊறும் தவளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் மதிய இடைவேளையில், என் பழைய அறைக்கு வெளியே நின்ற வரிசையில் என் மகளைப் பார்த்தேன். பத்து மாதம் சுமந்து பெற்றவளிடம் ஒற்றை எழுத்து, பிளாஸ்டிக்கிடம் மணிக்கணக்கில் பேச்சா? வயிறு எரிந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று கதவில் காதை வைத்துக் கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெட்கம் தடுத்தது.

சித்தப்பாவுக்கு ஆபத்து விளையாட்டு ஆசிரியர் உருவத்தில் வந்தது. ஆசிரியர்களும் ரகசியமாகப் போகத் தொடங்கியிருந்தார்கள். மலைபோன்ற அந்த மனிதர் ஒரு காலையில் அழுதபடி சித்தப்பாவைக் கட்டிப்பிடித்ததில் விலா எலும்புகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள்: சித்தப்பா மருத்துவ விடுப்பில் இருக்கிறார்.

வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனது. "நான் இருக்கேனே" என்றேன். யாரும் அசையவில்லை. கடைசியில் ஒரு நெட்டைப் பெண் மனமிரங்கினாள்.

"உட்காருங்க மிஸ். ஆனா பேசக் கூடாது. தலையாட்டக் கூடாது. எப்படி ஃபீல் பண்றேன்னு கேக்கவே கூடாது. டிஷ்யூவை நீட்டக் கூடாது."

சித்தப்பாவின் அடையாள அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

முதலில் வந்த பையன் அண்ணனைத் திட்டித் தீர்த்துவிட்டு, லேசாகிப் போனான். அடுத்தவன் எதுவும் பேசாமல் பிஸ்கட் தின்றுவிட்டு எனக்கு நன்றி சொன்னான். அடுத்து தலைமை ஆசிரியர் வந்தார். என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

"சித்தப்பா, அந்தப் பயிற்சியில நான் பாதி நேரம் தூங்கிட்டேன். மீதியை நானே இட்டுக்கட்டினேன்."

வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு கதவருகில் என் மகள் வந்து நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அட்டையை உற்றுப் பார்த்தாள்.

"இன்னைக்கு நீங்கதான் சித்தப்பாவா?"

நான் தலையாட்டவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

"எங்க அம்மாவைப் பத்திதான், சித்தப்பா. அவங்களுக்கு இங்கதான் வேலை. எங்கிட்ட சொன்னா எங்கம்மா காதுக்குப் போயிடும்னு யாரும் எங்கூடப் பேசறதில்ல. நான் பக்கத்துல போனாலே பேச்சை நிறுத்திடுறாங்க. மதியம் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாடி தனியாத்தான் சாப்பிடுறேன்."

தவளைகளுக்கு நடுவில் நானும், சைக்கிள்களுக்கு நடுவில் அவளுமாக, ஒரே பள்ளியில் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறோம்.

"வீட்டுக்குப் போனா, அதே மிஸ் குரல்ல கேக்கறாங்க. ஏதாவது பிரச்சினையா, ஷேர் பண்ணுன்னு. எனக்கு மிஸ் வேணாம், சித்தப்பா. எனக்கு அம்மா வேணும். அதை எப்படி அவங்ககிட்ட சொல்றது? சொன்னா, நல்லா சொன்னேன்னு பாராட்டுவாங்க."

பாராட்டத்தான் வாயெடுத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்ணீர் மட்டும் பேச்சுக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது. வழக்கமாகச் சித்தப்பாவின் கையைப் பிடிப்பதுபோல அவள் என் விரல்களைப் பிடித்தாள். டிஷ்யூ பெட்டியை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். மணி அடித்ததும் எழுந்து போனாள்.

சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றேன். அவள் சமையலறை வாசலில் வந்து சாய்ந்துகொண்டாள்.

"அம்மா, எங்க கிளாஸ்ல இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு..."

எத்தனை கேள்விகள் நாக்கு நுனிவரை வந்தன! எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"ம்" என்றேன்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.