எங்கள் வாண்டு கடித்த கதை

டீச்சர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் வாண்டு வகுப்பில் ஒரு பையனின் கையைக் கடித்துவிட்டாள். போன மாதமும் ஒருத்தியைக் கடித்திருக்கிறாள். இனி ஒரு தடவை நடந்தால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவரைக்கும் புரிந்தது.

"கடிக்கறதுக்கு முன்னாடி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தா சார். 'உங்க சிரமம் புரியுது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க'ன்னு சொன்னா. அப்புறம்தான் கடிச்சா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அது அவளுடைய பேச்சு. வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க யார் யாரோ திட்டுவார்கள், இவள் குழைவாகப் பேசுவாள். வீட்டில் சாக்ஸ் குத்துகிறது என்று வாண்டு தரையில் உருண்டாலும் அதே குழைவுதான். உருளல் நிற்காது. பிறகு நான் வருவேன். வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. ஒரே அதட்டல், வீடு கப்சிப். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வரும் வழியெல்லாம் சண்டை. வாண்டு எங்களுக்கு முன்னால் பையை ஆட்டிக்கொண்டு நடந்தாள்.

"நீ குடுக்கிற செல்லம்தான்" என்றேன்.

"நீங்க போடற சத்தம்தான்" என்றாள், அதே குழைவான குரலில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு பேர் சொல்வதும் சரி மாதிரியும் இருந்தது, தப்பு மாதிரியும் இருந்தது. என் அக்காவைக் கேட்டால் நாலு போடு என்பாள். மைத்துனர் தானாகச் சரியாகிவிடும் என்பார். யார் பேச்சைக் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் வாண்டை நாற்காலியில் உட்கார வைத்தோம். என் குரலை எப்படியோ தணித்துக்கொண்டு கேட்டேன்.

"ஏம்மா கடிச்சே?"

"அவன் அழுதான்."

"அழுதா கடிப்பாங்களா?"

"அழுகையை நிறுத்தணும்ல?" இது கூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். "முதல்ல அம்மா மாதிரி சொன்னேன். நிறுத்தல. அப்பா மாதிரி கத்தலாம்னா எனக்கு அவ்ளோ சத்தம் வரல. அதான் கடிச்சேன்."

"அப்புறம்?" என்றாள் என் மனைவி.

"இன்னும் ஜாஸ்தியா அழுதான். நான்னா உடனே நிறுத்திடுவேன். அவனுக்கு நிறுத்தவே தெரியலம்மா."

நாளைக்கு டீச்சரிடம் என்ன சொல்வேன்? எங்கள் முகங்களைப் பார்த்து வாண்டுக்கு என்ன தோன்றியதோ, உதடு கோணியது. கண் நிறைந்துவிட்டது. மனைவி பேச வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். நானும்தான். குழைவையும் அதட்டலையும் விட்டால் எங்களிடம் வேறு பேச்சு இல்லை.

வாண்டு அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, அழுகை வெளியே வராதபடி தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.