ஆடக்கூடாத தட்டு

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களில் அய்யாக்குட்டிக்குத்தான் எப்போதும் கூட்டம். காரணம் கைராசி இல்லை, கைநடுக்கம். முதுகில் கையை வைத்தால் போதும், அது தானாகவே கிடுகிடுவென்று ஆடும். சென்னையிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் அதற்கு 'வைப்ரேஷன்' என்று பெயர் வைத்து, குப்புறக் கிடந்தபடியே புகழ்வார்கள். அதே கையால் அவர் டீ கிளாஸைத் தூக்கினால் பாதி டீ சட்டைக்குப் போகும். அப்போது ஊர் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு. "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான்."

அய்யாக்குட்டி ஒரு சொட்டு தொட்டவரில்லை. நம்பத்தான் ஆளில்லை. மகள் வேல்விழிக்கு ஆய்க்குடியில் ஒரு இடம் கூடி வந்தது. நிச்சயத்தன்று இரண்டு தகப்பன்மாரும் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்வது முறை. அய்யாக்குட்டி நீட்டிய தட்டு ஆடிய ஆட்டத்தில் தேங்காய் உருண்டு, மாப்பிள்ளையின் தாய்மாமன் காலில் விழுந்தது. "குடிகாரன் வீட்டுச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்" என்று எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஞானதுரை தென்காசியில் ஆராய்ச்சி தொடங்கினார். மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்து, சின்னதாகக் கரண்டு கொடுத்து நடுக்கத்தை அடக்குவது. நிறுத்தவும் ஓட்டவும் நோயாளி கையில் ஒரு ரிமோட்.

"தலையில ஓட்டை போடவா போறீய?" என்று மனைவி பேராச்சி அழுதாள்.

"ஏட்டி, தட்டு ஆடுனா நம்ம புள்ள வாழ்க்கைல்லா ஆடுது. ஓட்டை விழுந்தா விழட்டும்."

ஸ்கேன் படத்தைப் பார்த்து டாக்டர், "அழகான மூளை அண்ணாச்சி" என்றார். அய்யாக்குட்டியிடம் இருக்கும் எதையும் அதுவரை யாரும் அழகென்று சொன்னதில்லை. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

ஆபரேஷன் முடிந்து ரிமோட்டை அமுக்கியதும் கை அப்படியே நின்றது. அன்றைக்கு ஒரு கிளாஸ் டீயை முழுதாகக் குடித்துவிட்டு அழுதார். தொழில்தான் படுத்துவிட்டது. "பழைய கை இல்லையே" என்று ஆட்கள் எண்ணெய் தேய்க்கிற அடுத்த கல்லுக்கு நகர்ந்தார்கள். போனால் போகட்டும் என்று இருந்தார்.

அடுத்த சம்பந்தம் கீழப்பாவூரில் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா சுடலைராஜ், போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனை ஊதச் சொல்லாமலே கண்டுபிடிப்பார் என்று பேர். இவர் முன்னால் தட்டு ஆடினால் கதை முடிந்தது.

ஆனி மாதம் நிச்சயத்துக்குக் குறித்த அதே நாளில் டாக்டர் குற்றாலத்தில் மாநாடு வைத்தார். மூளை மருத்துவர்களுக்குச் சீசன் நேரத்தில்தான் ஆராய்ச்சி நன்றாக ஓடும். "அண்ணாச்சி, காலையில பத்து நிமிசம் வந்து தலையக் காட்டிட்டுப் போங்க" என்றார். தலையில் கை வைத்தவர் கேட்கும்போது எப்படி மறுப்பது?

மேடையில் டாக்டர் ரிமோட்டை அமுக்கினார். கை ஆடியது. கைதட்டல். மறுபடி அமுக்கினார். கை நின்றது. அதற்கும் கைதட்டல். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தாமதமாக வந்த ஒரு பேராசிரியருக்காக இன்னொரு தடவை. போட்டோவில் நடுக்கம் தெரியவில்லை என்று வீடியோவுக்காக மறுபடியும். கடைசியில் டாக்டர் காதோரமாகக் குனிந்தார். "ஆப்லயே இருக்கட்டும் அண்ணாச்சி. பேராசிரியர் சாருக்கு முதுகுல கொஞ்சம் தேச்சு விடணுமாம். ஆன்ல தேச்சா எபெக்ட் இல்லன்னு சொல்லுதாங்க."

செல்போன் அடித்தது. பேராச்சி. "எங்கன இருக்கீய? அவுங்க வந்து எறங்கியாச்சு!"

"ரிமோட்டக் குடுங்க டாக்டரய்யா, போகணும்."

"அஞ்சே நிமிசம்" என்று டாக்டர் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அய்யாக்குட்டிக்கு வாழ்க்கையில் வராத கோபம் வந்தது. ஆடுகிற கையை அப்படியே டாக்டரின் பைக்குள் விட்டு ரிமோட்டை எடுத்தார். "மூளை ஒங்க படத்துலயே இருக்கட்டும். கை எம் புள்ளைக்கு வேணும்" என்று சொல்லி அமுக்கிக்கொண்டே படியிறங்கினார். இதுவும் செயல்விளக்கம்தான் என்று நினைத்து அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பிறகு 'ஒத்துழைக்காத நோயாளி' ஆனார்.

வீட்டில் முறைப்படி தட்டைத் தூக்கினார். வெற்றிலை நுனிகூட அசையவில்லை. பேராச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேல்விழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எதிரே சுடலைராஜ் தன் தட்டைத் தூக்கினார். அது ஆடியது. பாக்கு குதித்தது, எலுமிச்சம்பழம் விளிம்புக்கு ஓடியது. எல்லாரும் பார்த்தார்கள்.

"சம்பந்திக்குப் பாசம் தாங்கல!" என்றார் பந்தல் ஓரத்திலிருந்து ஒருவர்.

"மருமவள மகளா நெனச்சிட்டாருல்லா, கை நடுங்கத்தானே செய்யும்" என்றார் இன்னொருவர். சபையே உருகித் தலையாட்டியது.

அய்யாக்குட்டிக்கு வயிறு எரிந்தது. ஆனால் நிமிர்ந்து சுடலைராஜின் கண்ணைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. அந்தப் பயம் அவருக்கு நன்றாகத் தெரிந்த பயம். தன் தட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையை அவர் தட்டுக்கு அடியில் கொடுத்தார். தட்டு நின்றது.

"எத்தனை நாளா ஏட்டையா?" என்று காதோடு கேட்டார்.

"வருசம் ஒண்ணாச்சு. வெளிய சொல்லிராதீங்க, குடிக்கேன்னு சொல்லிருவானுவ."

"சொல்ல மாட்டாங்க, பயப்படாதீங்க" என்றார் அய்யாக்குட்டி. "நீங்க மாப்பிள்ளைக்கு அப்பா."