இறுகப் பின்னிய இடது பாதம்

லிஃப்ட் மெக்கானிக்கின் இடதுகைச் சுண்டுவிரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் டீ டம்ளரைக் கீழே வைத்த நேரத்தில், நுனியிலிருந்து நூலாக அவிழத் தொடங்கியது. வலி இல்லை, ரத்தமும் இல்லை. சட்டைக் கையில் நூல் தொங்குகிறது என்று நினைத்து அவரே அதைப் பிடித்து இழுத்தார். இரண்டாவது கணு வரை வந்த பிறகுதான் அது சட்டை நூல் அல்ல என்று தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டார். அவள் அப்போது டீ கெட்டிலுக்கு ஒரு பச்சைக் குல்லா பின்னிக்கொண்டிருந்தாள். "பேசாதீங்க, எண்ணிட்டு இருக்கேன்" என்றாள். ஊசியில் இருக்கும் கண்ணிகளை எண்ணும்போது யாராவது வாயைத் திறந்தால் அவளுக்கு எண்ணிக்கை தவறிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியமே அதுதான். அவர் வழக்கம்போல் காத்திருந்தார். அவள் வரிசையை முடித்து நிமிர்ந்தபோது விரல் முழுவதும் மேசைமேல் சுருண்டு கிடந்தது.

அவள் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். ஒரு நோயாளி உள்ளே போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் நேரமெல்லாம் மேசைக்கடியில் ஊசிகள் ஓடும். உபயோகமானது, உபயோகமே இல்லாதது என்று அவள் பேதம் பார்த்ததில்லை. தரை கீறாமலிருக்க நாற்காலிக் கால்களுக்கு சாக்ஸ், சமையலறைக் குழாய்க்கு மப்ளர், வெள்ளரிக்காய்க்குப் பொத்தான் வைத்த ஸ்வெட்டர், சுவர்க் கடிகாரத்துக்கு மீசை. பல் பிடுங்கப் பயந்து அழும் பிள்ளைகளுக்காக வேரோடு சேர்த்து ஒரு கம்பளிக் கடைவாய்ப் பல் செய்து வைத்திருந்தாள். பெரியவர்களே அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பொருள் முடிந்து ஊசியை விட்டு இறங்கும்போது அவளுக்குக் காதுமடல் சிவந்துவிடும். சந்தோஷம் அவளுக்கு அங்கேதான் வரும். "ஒருநாள் இல்ல ஒருநாள் என்னையும் பின்னிடுவ பாரு" என்று மெக்கானிக் கேலி செய்வார். அது பலித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பிறகு பேசிக்கொண்டார்கள். கேலி செய்த வாயை விட்டுவிட்டு விரலில் ஏன் பலிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள்.

தோல் டாக்டர் பார்த்துவிட்டு எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். எலும்பு டாக்டர் வெகுநேரம் யோசித்து, நல்ல டெய்லராகப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து, வேறு வழி தெரியாமல், அவளே ஊசியை எடுத்து அந்த நூலையே திரும்பப் பின்னினாள். கோதுமை நிறத்தில், தொட்டால் லேசாகச் சுடும் நூல். பாதி விரலுக்குத்தான் வந்தது. ஒரு விரல் அவிழ்ந்தால் அரை விரலுக்குத்தான் நூல் தேறும் என்பது அப்போதுதான் தெரியவந்தது. மீதியைக் கெட்டில் குல்லாவில் மிஞ்சிய பச்சையில் முடித்தாள். முடித்ததும் விரல் மடங்கியது, நீண்டது, காதைக் குடைந்து பார்த்தது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுடைய காதுமடல் சிவந்திருந்ததை அவர் கவனித்தார். மறுவாரம் மோதிரவிரல் அவிழ்ந்தது.

அதன் பிறகு வருஷங்கள் அப்படியே போயின. மணிக்கட்டு, முழங்கை, மறுகை என்று ஒவ்வொன்றாக நூலாயிற்று. முடிச்சுப் போட்டு நிறுத்திப் பார்த்தாள், முடிச்சும் அவிழ்ந்தது. பசை தடவினாள், பிளாஸ்திரி ஒட்டினாள், டேப் சுற்றினாள். எதுவும் கேட்கவில்லை. கம்பளிக் கையில் ஸ்பானர் நழுவியது, பிடித்த கிரீஸ் போகவில்லை. கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள்; லிஃப்ட் கதவில் காதை வைத்து எந்தச் சக்கரம் முனகுகிறது என்று சொல்லும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். பல் டாக்டர் தன் பங்குக்கு வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார், திடீரென்று அவிழ்ந்தால் ஓடிவர வேண்டாமே என்று. நோயாளிகள் கொஞ்ச நாள் உற்றுப் பார்த்தார்கள். பிறகு நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டு உதவினார்கள்.

அவளுக்கு மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் கோதுமை நிறம் பாதியாகக் குறைந்து, கடையில் வாங்கிய நூல் பாதி கூடியது. இப்படியே போனால் கடைசியில் தன் கையில் மிஞ்சப்போவது புருஷனா, புருஷன் மாதிரி ஒரு பொம்மையா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். நிறுத்தவும் முடியாது. பின்னாமல் விட்டால் மிச்சமும் போய்விடும். பின்னினால் அவர் குறைந்துகொண்டே போவார். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் கண்ணி எண்ணினாள்.

இடது பாதம் அவிழ்ந்த வாரத்தில் அவருடைய அக்கா வந்து தங்கியிருந்தாள். வந்த அன்றே குழாயின் மப்ளரைப் பார்த்தாள், நாற்காலியின் சாக்ஸைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"ஏம்மா, பொழுதன்னைக்கும் பின்னிப் பின்னி வீட்ல இருக்கறதையெல்லாம் உல்லனாக்குன. சரி, பொழுது போகலன்னு விட்டோம். கடைசியில என் தம்பியையுமா?"

"நான் என்ன அண்ணி பண்ணேன்? அவிழறதைப் பின்றேன், அவ்வளவுதான்."

"ஊசியைக் கையில எடுத்தா உன் மூஞ்சில ஒரு சந்தோஷம் வருதே, அது எதுக்கு வருது?"

அதற்கு அவளிடம் பதில் இருந்திருந்தால் கோபம் வந்திருக்காது. உதட்டைக் கடித்துக்கொண்டு அன்று மாலைக்குள் பாதத்தைப் பின்னி முடித்தாள். கோபத்தில் பின்னினால் கண்ணி இறுகும் என்று பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். பாதம் பள்ளிக்கூடப் பிள்ளையின் பாதம் அளவுக்கு வந்து நின்றது. மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கக்கா மேல இருக்கற கோவத்த என் கால்ல காட்டிட்டியே" என்றார். சாதாரணப் பின்னலில் தப்பு வந்தால் அவிழ்த்துப் பின்னிக்கொள்ளலாம். அதுதான் அந்த வேலையின் பெரிய நிம்மதி. அவளும் ஒரு வரிசை அவிழ்த்துப் பார்த்தாள். உடனே கணுக்கால் அவிழ்ந்தது, முழங்காலும் கிளம்பியது. பதறிப்போய் நிறுத்தினாள். அன்றிலிருந்து அவர் இடது காலில் ஒரு சின்னப்பிள்ளை ஷூ போட்டுக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்தார். அக்கா ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பை நிறையக் கம்பளி நூல் வாங்கிவந்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வலது தோளைப் பின்னும்போது ஒரு மத்தியானம் அவள் தன்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தாள். புது மாதிரிப் பின்னல், குமிழ் குமிழாக எழும்பி அழகாக வந்தது. பாட்டு தன் காதிலேயே விழுந்ததும் ஊசியை வீசிவிட்டு ஓவென்று அழுதாள். "உங்க அக்கா கேட்டதுல தப்பே இல்லைங்க. மனசு பதறுது, கை என்னடான்னா குதிக்குது. இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" அதற்குள் தோளின் ஓரத்தில் கண்ணிகள் நழுவி இறங்கத் தொடங்கின. அவர் மறுகையால் அதைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல இதப் புடி, அப்புறம் அழு" என்றார். பிடித்தாள். "பாடு. பாடிக்கிட்டே பின்னுன இடம்தான் எனக்கு உறுத்தாம இருக்கு" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடினாள். அந்தத் தோளில்தான் பிறகு எல்லா நாளும் தலை வைத்துத் தூங்கினாள்.

முகம் கடைசியாக அவிழ்ந்தது. அது மட்டும் மெதுவாக, ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது. கண் ஒவ்வொன்றாகப் போனபோது பழைய நாற்காலி சாக்ஸைப் பிரித்துக் கருவிழி போட்டாள். மூக்கின் முறை வந்தபோது அவர், "கொஞ்சம் சின்னதா போடும்மா, இந்த சான்ஸ விட்டா வராது" என்றார். எத்தனையோ பிரயத்தனப்பட்டும் கை கேட்கவில்லை. பழைய மூக்கே வந்தது. அடுத்து வாய். பற்களில் அவளுக்குப் பழக்கம் இருந்தது, வேர் உட்பட எல்லாம் சரியாக அமைந்தன. உதட்டை ஒரு கோடு கூடத் தவறாமல் பின்னினாள். முடித்து, நூலைக் கத்தரித்து, "ஏங்க" என்றாள்.

அவர் பேசவில்லை. வாய் திறந்தது, மூடியது. சிரித்தது. சத்தம் மட்டும் வரவில்லை. குரல் எந்த நூலில் இருந்தது, அது எப்போது அவிழ்ந்து எந்த மூலையில் விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சோபாவுக்கடியில் தேடினாள், பெருக்கிய குப்பையைக் கொட்டித் தேடினாள். அவர் சாப்பிட்டார், சாய்ந்து நடந்தார், லிஃப்ட் கதவில் காது வைத்து விரலால் சக்கரத்தைக் காட்டினார். பொம்மையா புருஷனா என்று கேட்டுக்கொள்ளக்கூட அவள் பயந்தாள். அந்த வருஷம் முழுவதும் பின்ன எதுவும் இல்லை. ஊசிகள் டிராயரில் கிடந்தன. தான் எண்ணும்போது குறுக்கே பேச ஆள் இல்லை என்பதால் எண்ணவே பிடிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு வியாழக்கிழமை, பல் ஆஸ்பத்திரியில் நோயாளியை உள்ளே அனுப்ப மணியை அழுத்தியபோது, அவளுடைய ஆள்காட்டி விரலில் ஒரு நூல் தொங்கியது. அதை அடுத்த கையால் இறுகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவர் முன்னால் நீட்டினாள். ஒற்றைக் கையால் பின்ன முடியாது. அவருக்கோ அவள் பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர ஒன்றும் தெரியாது. அவர் டிராயரைத் திறந்தார். கம்பளி விரல்களுக்குள் ஊசி நிற்காமல் வழுக்கியது, மறுபடி எடுத்தார். அவளுடைய நூலில் கண்ணிகளை ஏற்றினார், ஒன்று விட்டார், திரும்ப ஏற்றினார்.

"ஏங்க, ஊசியைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. அப்படிப் போட்டா..."

"பேசாத" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "எண்ணிட்டு இருக்கேன்."

தேடிய குரல் கிடைத்துவிட்டது என்று சொல்லக்கூட அவள் வரிசை முடியும்வரை காத்திருந்தாள். அவர் காதுமடல், அது செங்கல் நிறக் கம்பளி, இன்னும் கொஞ்சம் சிவந்ததுபோல் இருந்தது. விரல் தளர்வாக, தேவைக்கு மேல் நீளமாக வந்தது. மீதிக்குச் சேர்த்த கம்பளியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறதே என்று, வீணாக்காமல் நுனியில் ஒரு சின்னக் குஞ்சமும் கட்டியிருந்தார். மறுநாள் அவள் அந்த விரலால்தான் மணியை அழுத்தினாள். நோயாளிகள் வரிசைப்படி உள்ளே போனார்கள். இப்போது அந்த வீட்டில் இரண்டு ஜோடி ஊசிகள் இருக்கின்றன. மழையில் நனைந்தால் இருவரும் காய நேரமாகும் என்பதால், வெளியே கிளம்பும்போது குடையை மட்டும் மறப்பதில்லை.