தகரப் பெட்டிக்குள் ஒரு கேமரா

ஹுல்கர் அக்கா வீட்டுக் கேமரா தினமும் மதியம் அணைந்துபோனது. இரண்டு, இரண்டரைக்குப் போனால் ஐந்தரைக்குத்தான் மறுபடி உயிர் வரும். மூன்றாவது முறையாக அழைப்பு வந்தபோது புன்யோத் காலை பத்து மணிக்குப் போனான். உஸ்பெகிஸ்தானின் தென் எல்லை ஊரான தெர்மெஸில் சில்லா என்னும் உச்சக்கோடை பிறந்துவிட்டால் அந்த நாற்பது நாளும் மதிய வெயிலில் யாரும் தலைகாட்டமாட்டார்கள். அவனும் காட்டியதில்லை.

கேமராவைப் பொருத்தியவன் அவன்தான். ஹுல்கர் அக்காவின் மகன் மூரோத் ரஷ்யாவில், கசானில் கட்டட வேலை பார்க்கிறான். அங்கிருந்தபடியே ஃபோனில் வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டான். ஆப்கன் காற்று அடித்தால் சாவித் துவாரத்தில்கூடப் புழுதி புகும் ஊர். அதனால் புன்யோத் தகரத்தில் ஒரு பெட்டி செய்து, முன்பக்கம் கண்ணாடி வைத்து, இடுக்கெல்லாம் சிலிகான் பசையால் அடைத்து, கேமராவை அதற்குள் உட்கார வைத்தான். பெட்டியை மேற்குப் பார்த்த தகரக் கூரையோடு சேர்த்துத் திருகினான். ஒரு பொட்டுத் தூசி உள்ளே போகவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அதே பெட்டியைக் கேட்டார்கள். அந்தத் தெருவில் மட்டும் பதினோரு வீடுகளில் மாட்டியிருந்தான்.

அன்று காலை வரிசையாகச் சோதித்தான். ஒயர் சரி. அடாப்டர் சரி. இணையம் சரி. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் குறி போட்டான். கேமரா ஒழுங்காக ஓடியது. தேநீர் கொண்டுவந்த மூரோத்தின் மனைவி ஸுலைஹோ, மதியம் ஒருதடவை வந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் சும்மா தலையாட்டினான்.

ஹுல்கர் அக்கா ஃபோனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் மூரோத். என்னதான் கோளாறு என்று கேட்டான். ஒரு பக்கம் முழுக்கக் குறி போட்டுவிட்டு, தெரியவில்லை என்று சொல்ல புன்யோத்துக்கு வாய் வரவில்லை.

"கேமராவுல ஒரு குறையும் இல்ல," என்றான். "யாராவது சுவிட்ச அணைக்கிறாங்களோ என்னவோ."

சுவிட்ச் சமையலறை வாசலில் இருந்தது. மதியத்தில் ஹுல்கர் அக்கா தூங்கிவிடுவாள். வீட்டில் விழித்திருப்பது ஒருத்திதான். வார்த்தை வெளியே போன பிறகுதான் இது அவனுக்கு உறைத்தது. கதவோரம் நின்றிருந்த ஸுலைஹோ காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பத்து நாள் கழித்து அதே தெருவிலிருந்து எஷ்முரோத் மாமா கூப்பிட்டார். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், தனிக்கட்டை. அவருடைய கேமராவும் மதியத்தில் அணைகிறதாம்; அணைந்து கிடக்கும்போதே வந்து பார் என்று பிடிவாதமாகச் சொன்னார். இரண்டேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தவன், பழக்கதோஷத்தில் சுவிட்சைப் பற்றிக் கேட்டுவைத்தான்.

"இந்த வீட்ல நானும் பூனையும்தான் தம்பி. பூனைய வேணா விசாரிச்சுப் பாரு," என்றார் அவர். சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஹுல்கர் மருமகள அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, தெரியும்ல? கேமராவ அணைச்சிட்டு எவனையோ பாக்கப் போறாளாம். நீதான் கண்டுபிடிச்சியாமே."

மூன்று நாளாயிற்றாம். அவள் போன பிறகு முதல் இரண்டு நாளும் கேமரா அணையவே இல்லையாம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று தெருவே பேசிக்கொண்டதாம்.

அந்த இரண்டு நாளும் ஆப்கன் காற்று அடித்து, புழுதியில் சூரியனே தெரியாமல் இருந்தது. புன்யோத் ஏணியில் ஏறிப் பெட்டியைத் தொட்டான். விரல் சுட்டது. பசையைக் கத்தியால் கீறித் திறந்து, வெப்பமானியை உள்ளே வைத்தான். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. பெட்டிக்குள் எழுபத்து மூன்று. வெயிலும் கூரைச் சூடும் போதாதென்று கேமராவின் சொந்தச் சூடும் சேர்ந்து, வெளியேற வழியில்லாமல் வெந்திருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் போனால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். இது அவனுக்குத் தெரியாத விஷயமும் அல்ல.

கேமராவைக் கழற்றி, திராட்சைப் பந்தலின் நிழல் விழும் வடக்குச் சுவருக்கு மாற்றினான். சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு மரக்கட்டை. மேலே வெயில் மறைக்க ஒரு தகடு மட்டும், இரு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டு. இருபது நிமிடத்தில் படம் வந்தது. தூசியை வாரம் ஒருமுறை துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டான்.

ஹுல்கர் அக்கா வீட்டு வெளிக்கதவு சாத்தி மட்டும் இருந்தது. உள்ளே சத்தமில்லை, தூங்குகிறாள். கேமராவின் விளக்கு அணைந்திருந்தது. சத்தம் போடாமல் மாற்றிவிட்டுப் போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த எண்ணத்தோடுதான் அவன் ஏறினான். அதைப் பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே மறுத்துப் பார்த்தான், முடியவில்லை.

இரண்டு திருகைக் கழற்றியபோது கீழே ஹுல்கர் அக்காவின் குரல் கேட்டது.

"அவ போனதும் கேமரா சரியாயிடுச்சே. நீ எதுக்கு ஏறி நிக்கிற?"

"சும்மா... பாத்துட்டுப் போலாம்னு."

அவள் நகரவில்லை. அவனால் இறங்கவும் முடியவில்லை.

"அக்கா, ஃபோன எடுத்துப் பாருங்க," என்றான். "இப்பவும் அணைஞ்சுதான் இருக்கு. வீட்ல உங்களத் தவிர யாரும் இல்ல. சூடு தாங்காம அதுவே அணைஞ்சிடுது. நான் அடைச்ச பெட்டியாலதான். அன்னைக்கு எனக்குக் காரணம் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

ஹுல்கர் அக்கா கறுத்துக் கிடந்த திரையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முற்றத்துப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"ரொட்டி மேல கைய வச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினா. அப்புறமும் நான் நம்பல." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "எம்மகன் காதுல நீ சொன்ன. அவ அப்பன் காதுலயும் நீயே வந்து சொல்லு."

வெயில் தாழ்ந்ததும் போனார்கள். ஸுலைஹோவின் அப்பா முற்றத்து மரக்கட்டிலில் அவர்களை உட்காரவைத்தார். ஹுல்கர் அக்கா கொண்டுபோன ரொட்டியை யாரும் பிய்க்கவில்லை. புன்யோத் ஒன்றையும் விடாமல் சொன்னான்: பெட்டி, பசை, சுவிட்ச், இன்று திருட்டுத்தனமாக ஏணி போட்டது. சொல்லும்போது கட்டில் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் கதவருகே வந்து நின்றதை அவர்களுடைய செருப்புச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டான்.

"தெரியாதுன்னு சொன்னா நாக்கு அறுந்தா விழும்?" என்றார் அப்பா.

ஸுலைஹோ தேநீர்க் குடுவையோடு வந்தாள். மாமியாருக்கு அரைக் கோப்பை ஊற்றி, வலது கையால் நீட்டினாள். மதிப்பு வைத்திருக்கும் விருந்தாளியிடம், இரு, இன்னும் ஊற்றித் தருகிறேன் என்று சொல்லாமல் சொல்லும் அளவு அது. ஹுல்கர் அக்கா அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

புன்யோத்தின் கோப்பையில் ஊற்றினாள். பாதி தாண்டியும் நிறுத்தவில்லை. விளிம்பு வரை, தளும்பத் தளும்ப ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்பதை அந்த ஊரில் வாய்திறந்து சொல்வதில்லை.

சிந்தாமல் எடுத்தான். கொதிக்கக் கொதிக்க அடிவரை குடித்தான். எழுந்து, மார்பில் கை வைத்துத் தலை குனிந்தான். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.